துணைக்குப் போகும் வண்டிகள்

ஊர் திரும்பிய வீரர்

2021ஆம் ஆண்டு, டிசம்பர் 12ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

மதனப்பள்ளிக்கு அருகில் சாலையின் இரு பக்கமும் மக்கள் நின்றார்கள். பலர் கையில் பூ இருந்தது. சிலர் கையில் தேசியக் கொடி இருந்தது.

பெங்களூரிலிருந்து ராணுவ வண்டி வந்தது. அதில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் தேசியக் கொடி போர்த்தியிருந்தது.

அந்த வண்டியோடு மோட்டார் சைக்கிள்களும் வந்தன. அவற்றில் வந்தவர்கள் சுற்று வட்டார இளைஞர்கள். தங்கள் ஊர் வீரருக்குத் துணையாக அவர்கள் வந்தார்கள்.

அந்த வீரர் யார்?

அவர் பெயர் சாய் தேஜா. ராணுவத்தில் லான்ஸ் நாயக். ஊர் எகுவரேகடா. குரபலகோட்டா மண்டலத்தில் உள்ள ஊர். அப்போது அது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது.

முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்துக்கு சாய் தேஜா பாதுகாப்பு வீரராக இருந்தார். டிசம்பர் 8ஆம் தேதி அவர்கள் சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு ஹெலிகாப்டரில் போனார்கள். குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து தீப்பிடித்தது. அதில் 14 பேர் இருந்தார்கள். 13 பேர் அன்றே இறந்தார்கள். ஒருவர் ஒரு வாரம் கழித்து இறந்தார்.

உடல்களை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. ரத்த உறவினர்களின் மாதிரியை எடுத்துச் சோதித்தார்கள். அதன் பிறகுதான் சாய் தேஜாவின் உடல் ஊருக்கு வந்தது. நான்கு நாள் அந்தக் குடும்பம் காத்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த நான்கு நாள் எப்படி இருந்திருக்கும்? அப்படிக் காத்திருந்த வீட்டுக்கு ஊரே துணை வந்தது. துக்கத்தை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் துக்கத்தின் பக்கத்தில் நிற்க முடியும். வண்டிகள் துணைக்குப் போவதன் பொருள் இதுதான்.

முன்பு தந்தி வந்தது

பழைய நாட்களில் இப்படி ஊர்வலம் நடக்கவில்லை. ஏன்?

1962, 1965, 1971ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் போர் நடந்தது. அப்போது இறந்த வீரர்களுக்குப் பெரும்பாலும் போர் நடந்த இடத்துக்கு அருகிலேயே இறுதிச் சடங்கு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. சில நேரம் சாம்பலும் உடைமைகளும் வந்தன. பெற்ற தாய் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை.

1999இல் கார்கில் போர் நடந்தது. அதில் 527 வீரர்கள் உயிர் இழந்தார்கள். அவர்களின் உடல்களைச் சொந்த ஊருக்கே அனுப்ப அரசு ஏற்பாடு செய்தது. அதன் பிறகு இது வழக்கம் ஆனது.

வீரரின் உடல் விமானத்தில் வருகிறது. பிறகு சாலை வழியே ஊருக்கு வருகிறது. வழியில் உள்ள மக்கள் காத்திருந்து பார்க்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் உடன் போகிறார்கள். இப்படித்தான் இந்தப் பழக்கம் வளர்ந்தது.

2020 நவம்பர் 8ஆம் தேதி காஷ்மீரின் மச்சில் பகுதியில் சண்டை நடந்தது. அதில் ஹவில்தார் பிரவீண் குமார் ரெட்டி இறந்தார். அவர் சித்தூர் மாவட்டம் ஐராலா மண்டலத்தைச் சேர்ந்தவர். 2025 மே மாதம் எல்லையில் முரளி நாயக் என்ற இளம் வீரர் இறந்தார். அவர் ஊர் கல்லி தாண்டா. ஸ்ரீ சத்ய சாய் மாவட்டத்தில் உள்ளது. இருவருக்கும் சொந்த ஊரில் ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது.

வேறு நாடுகளில்

வீரருக்குத் துணை போகும் பழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு.

இங்கிலாந்தில் வூட்டன் பாசெட் என்று ஒரு சிறிய ஊர். 2007 முதல் 2011 வரை இறந்த வீரர்களின் உடல்கள் அந்த ஊர் வழியாகப் போயின. ஒவ்வொரு முறையும் கடைக்காரர்களும் முதியவர்களும் தெருவில் வந்து நின்றார்கள். பேசாமல் தலை குனிந்து நின்றார்கள். 2011இல் அந்த ஊருக்கு அரச பட்டம் கிடைத்தது.

கனடா நாட்டில் ட்ரென்டன் விமானத் தளத்திலிருந்து டொரான்டோ நகருக்கு ஒரு பெரிய சாலை போகிறது. அந்தச் சாலையின் பாலங்கள் மேல் மக்கள் கொடியோடு நிற்பார்கள். 2007இல் அந்தச் சாலைக்கு 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார்கள்.

அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் 2005இல் ஒரு தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் பேட்ரியட் கார்ட் ரைடர்ஸ். அப்போது சிலர் வீரர்களின் இறுதிச் சடங்கு நடக்கும் இடத்தில் கூச்சல் போட்டு வந்தார்கள். இந்தத் தொண்டர்கள் குடும்பத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்கள். பதிலுக்குச் சண்டை போடவில்லை. கொடியைப் பிடித்து வரிசையாக நின்றார்கள்.

அவர்களுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. குடும்பம் அழைத்தால்தான் போவார்கள். அழைக்காத இடத்துக்குப் போக மாட்டார்கள். இந்த விதி நமக்கும் நல்லது அல்லவா?

ஓர் ஊரில் ஒரு பேச்சு

இறந்த வீரருக்கு மட்டும் அல்ல. பணி முடித்து உயிரோடு திரும்பும் வீரருக்கும் இப்போது பல ஊர்களில் வரவேற்பு கொடுக்கிறார்கள். ரயில் நிலையத்துக்குப் போய் மாலை போட்டு அழைத்து வருகிறார்கள்.

ஓர் ஊரில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். மரத்தடியில் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய ராணுவ வீரர் உட்கார்ந்திருக்கிறார். ஊரே அவரைத் தாத்தா என்று அழைக்கும். பணி முடித்து வரும் வீரரின் தாயும் அங்கே இருக்கிறார்.

இளைஞர்: தாத்தா, அண்ணன் நாளைக்கு ரேணிகுண்டாவில் இறங்குகிறார். நாங்கள் 40 வண்டியில் போகிறோம். சைலென்சரைக் கழற்றிவிட்டால் சத்தம் திருப்பதி வரைக்கும் கேட்கும்!

தாத்தா: சத்தம் யாருக்குப்பா? அவனுக்கா, உங்களுக்கா?

இளைஞர்: அண்ணனுக்கு மரியாதை செய்யத்தான், தாத்தா.

தாத்தா: மரியாதை என்றால் முதலில் அவன் அம்மாவைக் கேட்டீர்களா?

இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

தாய்: வாங்க கண்ணுங்களா, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் மூன்று நாள் ரயிலில் வருகிறான். வெடிச் சத்தம் கேட்டால் அவனுக்கு ஆகாது. போன தீபாவளிக்கு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பூவோடு வாங்க. மெதுவாகக் கூட்டிவாங்க.

தாத்தா: கேட்டீர்களா? எல்லையில் சத்தம் கேட்டவனுக்கு ஊரில் அமைதிதான் வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். ஹெல்மெட் இல்லாதவன் வர வேண்டாம். ஒருவனை வீட்டுக்கு அழைத்து வரப் போய், இன்னொருவனை ஆஸ்பத்திரியில் விட்டு வரக் கூடாது.

இளைஞர்: சரி தாத்தா. சைலென்சர் கழற்ற மாட்டோம். வெடியும் வேண்டாம்.

சாலையில் கவனம்

தாத்தா சொன்னது சட்டமும் கூட. மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதைப் படியுங்கள்.

ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்தான் போகலாம். ஓட்டுபவரும் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும்.

18 வயது ஆகாதவர் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் பெற்றோர் மீதும் வழக்கு வரும். 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் உண்டு. இது 2019இல் வந்த திருத்தம்.

ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஊர்வலம் பெரியதுதான். ஆனால் ஆம்புலன்சில் இருக்கும் உயிர் அதைவிடப் பெரியது.

திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி போகும் வழியில் பாக்கராப்பேட்டை மலைப்பாதை உண்டு. 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பேருந்து ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. பலர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாலையில் பக்கத்தில் பக்கத்தில் வண்டி ஓட்டலாமா? கூடாது. ஒன்றன் பின் ஒன்றாகப் போக வேண்டும்.

இரண்டு வண்டிக்கு நடுவில் எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சுலபமான கணக்கு உண்டு. முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைத் தாண்டும். அப்போது மனதில் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு உங்கள் வண்டி அந்த மரத்தைத் தாண்டினால் சரி. அதற்கு முன்பே தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

ஊர்வலம் போகும் முன் போலீஸ் நிலையத்தில் சொல்லுங்கள். எந்த வழி, எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

கொடிக்கு மரியாதை

வீரரின் பெட்டி மேல் கொடியை எப்படிப் போர்த்துவார்கள்? காவி நிறம் தலைப் பக்கம் இருக்கும். கொடியைக் குழிக்குள் இறக்க மாட்டார்கள். சிதையில் எரிக்க மாட்டார்கள். மடித்துக் குடும்பத்தின் கையில் கொடுப்பார்கள்.

நாமும் கொடி பிடிக்கிறோம். நமக்கும் விதி உண்டு.

வண்டியில் தேசியக் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் போன்ற சிலருக்குத்தான் உண்டு. வண்டியின் மேலும் பக்கத்திலும் பின்னாலும் கொடியைப் போர்த்தக் கூடாது. கிழிந்த கொடியை ஏற்றக் கூடாது. கொடி தரையில் படக் கூடாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஊர் எல்லையில் வண்டிகளை ஓரமாக நிறுத்தலாம். வரிசையாக நின்று கொடியைக் கையில் உயர்த்திப் பிடிக்கலாம். இது பாதுகாப்பும் கூட. ஒரு கையில் கொடி, ஒரு கையில் வண்டி என்று ஓட்ட வேண்டியது இல்லை.

ஊர்வலம் முடிந்ததும் தெருவைப் பாருங்கள். காகிதக் கொடி கீழே கிடந்தால் எடுத்து வையுங்கள். கொடியை வேண்டும் என்றே அவமதித்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

வண்டி நின்ற பிறகு

ஊர்வலம் ஒரு நாளில் முடிந்துவிடும். கூட்டம் கலைந்துவிடும். அதன் பிறகு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோர். அவர்கள் முன்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும்.

குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்று எல்லாம் வேண்டும். ராணுவப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்று இருந்தால் பணம் தாமதம் ஆகும். ஒரே ஓர் எழுத்தால் கூட ஒரு குடும்பம் மாதக் கணக்கில் அலையும்.

இங்கேதான் உங்கள் படிப்பு உதவும். நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவோடு உட்காருங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் காட்டுங்கள்.

பழைய வீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவ சைனிக் நல அலுவலகம் உண்டு. சித்தூரில் இருக்கும் அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். ஓய்வு பெற்ற வீரர்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் பார்க்க 2003 முதல் ஒரு தனித் திட்டம் நடக்கிறது. ஓய்வூதியம் தொடர்ந்து வர ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். நடக்க முடியாத தாத்தாவை அதற்கு அழைத்துப் போவது யார்? வண்டி வைத்திருக்கும் நீங்கள்தான்.

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் கடைப்பிடிக்கிறோம். அன்று தரும் பணம் வீரர் குடும்பங்களுக்குப் போகிறது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். 1953இல் அந்தத் தேதியில்தான் தளபதி கரியப்பா ஓய்வு பெற்றார். இந்த இரண்டு நாளிலும் உங்கள் ஊர் வீரர்களின் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

நாற்பது வண்டி ஒரு நாள் போவது மரியாதை. ஒரு வண்டி ஆண்டு முழுவதும் போவது அதைவிடப் பெரிய மரியாதை.

சொல்லும் பொருளும்

துணை – உடன் இருப்பது
தந்தி – அவசரச் செய்தி அனுப்பும் பழைய முறை
அபராதம் – தவறுக்குக் கட்டும் பணம்
திருத்தம் – சட்டத்தில் செய்த மாற்றம்
ஓய்வூதியம் – பென்ஷன்
சான்று – உண்மை என்று காட்டும் எழுத்து

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்

1. சாய் தேஜாவின் ஊர் எது?
2. எந்தப் போருக்குப் பிறகு வீரர்களின் உடல்கள் சொந்த ஊருக்கு வருவது வழக்கம் ஆனது?
3. அமெரிக்கத் தொண்டர்கள் யார் அழைத்தால் போவார்கள்?
4. பெட்டியின் மேல் கொடியின் எந்த நிறம் தலைப் பக்கம் இருக்கும்?

கணக்குப் போடுங்கள்

1. 40 வண்டிகள் போகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். எத்தனை ஹெல்மெட் வேண்டும்?
2. ஊர் 45 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் ராணுவத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் தனியாக இருப்பவர் யார்? அவருக்கு இந்த மாதம் என்ன உதவி செய்யலாம்? பேசி முடிவு செய்யுங்கள். முடிவை உங்கள் கையால் நோட்டில் எழுதுங்கள்.