முதல் முகூர்த்தத்துக்கு முன்

திருமணப் புகைப்படத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கல்யாண வீட்டார் அழகான படத்துக்காக மட்டும் பணம் கொடுப்பதில்லை. திரும்ப வராத ஒரு நாளை உங்களை நம்பி ஒப்படைக்கிறார்கள். கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறுவது சில நொடிகளில் முடிந்துவிடும். இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. அந்த நொடியைத் தவறவிடாத ஆளாக மாறுவதற்கே உங்கள் முதல் ஆண்டும் முதல் பணமும் செலவாக வேண்டும்.

ஆகவே, முதல் படியாக அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரு கல்யாண சீசன் முழுக்க உதவியாளராக இருங்கள். மண்டபத்தில் கற்பதை வேறு எங்கும் கற்க முடியாது. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முழங்கையே பெண்ணின் முகத்தை மறைக்கும். முடிச்சுப் போட நாத்தனார் பின்னால் குனிவார். அட்சதை போடும் கூட்டம் எழுந்து முன்னால் வரும். ஓமப் புகை வேறு. எங்கே நிற்பது, ஸ்டூல் தேவையா, வீடியோக்காரர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அரை மணி நேரம் முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். ஷட்டர் வேகத்தை 1/200க்குக் கீழே இறக்காமல், வெளிச்சம் போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை ஓரளவு சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை முடியாது. அடுத்தவருக்குக் கீழே வேலை செய்தால் தனிப் பாணி வராது என்பார்கள். பாணியைக் காதுகுத்திலும் வளைகாப்பிலும் பழகலாம். ஆடியிலும் மார்கழியிலும் அதற்கு நேரம் நிறையக் கிடைக்கும்.

பிறகுதான் கருவி. புதிய விலையுயர்ந்த ஒரு பாடியைவிட, நன்றாக வேலை செய்யும் பழைய பாடிகள் இரண்டு மேல்; ஒன்று நின்றுபோனாலும் கல்யாணம் நிற்காது. அவற்றில் ஒன்றாவது இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதிவதாக இருக்கட்டும். விலை குறைந்த 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் மண்டப வெளிச்சத்துக்கு நன்றாக உழைக்கும். 70-200ஐ அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். கேமரா மாடலைக் கேட்கும் வாடிக்கையாளர் உண்டு, மறுக்கவில்லை. அவரிடம் பொறுக்கி எடுத்த பத்துப் படங்களைக் காட்டாதீர்கள். ஒரே நிகழ்ச்சியின் முழு ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காட்டுங்கள். அதைப் புரட்டியவருக்கு மாடல் பெரிதாகத் தெரியாது.

விலை சொல்வதற்கு முன் நாட்களை எண்ணுங்கள். 40,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஆல்பத்துக்கு 12,000, உதவியாளருக்கு 4,000, பயணத்துக்கு 2,000 போனால் மிச்சம் 22,000. எடுக்க இரண்டு நாள், படங்களைத் தேர்ந்து திருத்த ஆறு நாள், ஆல்பம் வடிவமைக்க ஒரு நாள் என்றால் ஒன்பது நாள் கூலி அது. நாளுக்கு 2,450கூட இல்லை. கருவித் தேய்மானமும் இதற்குள்தான். பேர் வாங்கும்வரை இலவசமாகச் செய்யலாமே என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. சும்மா கிடைத்தவரை யாரும் பொறுப்பாளியாக நினைப்பதில்லை, அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யும்போதும் அதே விலையைத்தான் சொல்வார்கள்.

நம் ஊரில் எழுதிக் கேட்டால் முகம் கோணும் என்று பலர் தயங்குகிறார்கள். வாய்ப்பேச்சில் விட்டதால்தான் பின்னால் முகம் கோணுகிறது. தேதி, நேரம், எத்தனை பக்க ஆல்பம், எப்போது தருவது, அட்வான்ஸ் எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடலாம். படங்களை உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியையும் அதிலேயே சேருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர். மண்டபத்திலிருந்து வந்த இரவே படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஆல்பம் கைமாறும்வரை கார்டுகளை அழிக்காதீர்கள்.