கஞ்சாப் புகையும் சுவாசப்பையின் காவலும்

முகாமில் ஒரு கொட்டிலுக்குள் எத்தனை பேர் படுத்தெழும்பினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காற்றோட்டமில்லாமல் பலர் நெருங்கி வாழும் இடத்தில் காசநோய், அதாவது ஊரில் கசரோகம் என்று சொல்லும் நோய், இலகுவாகத் தொற்றும். தொற்றிய எல்லோரும் நோயாளியாவதில்லை. கிருமி சுவாசப்பைக்குள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கலாம். அதை அடக்கி வைத்திருப்பது உடம்பின் காவல். உங்கள் வீட்டில் யாராவது கஞ்சா புகைப்பவராக இருந்தால், அந்தக் காவலுக்கு என்ன நடக்கிறது என்பதை அறிந்திருங்கள்.

சுவாசக் குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பிசிர்கள் உள்ளன. மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, பிசிர்கள் அந்தச் சளியை மேலே தள்ளிவிடும். தொடர்ந்து கஞ்சா புகைப்பவரிடம் பிசிர்கள் அழிந்து, சளி சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன. சளி கூடுகிறது, தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. காலையில் வரும் அந்த நீண்ட இருமலுக்குக் காரணம் இதுதான்.

இதையும் தாண்டி உள்ளே போகும் கிருமிகளை விழுங்கிக் கொல்வதற்கென்றே சுவாசப்பையின் சிற்றறைகளில் காவற்கலங்கள் உள்ளன. காசநோய்க் கிருமியை வளைத்து அடக்குவதிலும் இவையே முன்னிற்பவை. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கஞ்சா புகைப்பவர்களின் சுவாசப்பையிலிருந்து இக்கலங்களை எடுத்துச் சோதித்து, முடிவை 1997இல் வெளியிட்டார்கள். கலங்களின் எண்ணிக்கையில் குறைவில்லை. ஆனால் கிருமியைக் கொல்லும் திறன், புகைக்காதவர்களின் கலங்களைவிட மிகவும் குறைந்திருந்தது. மற்றக் கலங்களை உதவிக்கு அழைக்கும் இரசாயனங்களையும் அவை குறைவாகவே சுரந்தன.

“இது மூலிகைதானே, சிகரட்டைவிட நல்லது” என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. சித்த, ஆயுள்வேத மருந்துகளில் கஞ்சா சேர்வது உண்மைதான். ஆனால் மருந்து வேறு, புகை வேறு. கஞ்சாவை ஆழமாக இழுத்து, மூச்சை அடக்கிப் பிடிப்பார்கள்; வடிகட்டியும் கிடையாது. இதனால் ஒரு சிகரட்டினால் படிவதைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு தார் சுவாசப்பையில் தங்குவதாக 1988இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஈரத்தில் மறைத்து வைத்த கஞ்சாவில் பூஞ்சணமும் பிடிக்கும்; அதன் வித்துக்கள் புகையோடு உள்ளே போகலாம். அடைத்த அறைக்குள் ஒரே சுருளைச் சுற்றிச் சுற்றி இழுப்பவர்களில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், மற்றவர்களுக்கும் பரவ வாய்ப்புண்டு.

எங்களுக்குக் கூடுதல் கவலை தருவது வேறொன்று. “அவன் கஞ்சா குடிக்கிறான், அதுதான் இருமுகிறான்” என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இருமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் எதுவும் கண்டால், காத்திருக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் அல்லது மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். நோய் இருந்தால் குறைந்தது 6 மாதம் மருந்து எடுக்க வேண்டும், அதுவும் இலவசம். கஞ்சா சட்டவிரோதம் என்பதால் பலர் வைத்தியரிடம் மறைக்கிறார்கள். அவர் கேட்பது சிகிச்சைக்காகவே; சொல்லுங்கள்.

நிறுத்தினால் இருமலும் சளியும் படிப்படியாகக் குறையும். முதல் ஓரிரு கிழமை நித்திரை வராது, எரிச்சல் வரும். அந்த நாட்களில் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஒருவருக்குக் காசநோய் உறுதியானால், குழந்தைகள் உட்பட அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்த அனைவரையும் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.