வேளா மீனும் வனவிலங்குச் சட்டமும்

கடலோர மக்கள் வேளா என்றும் வேளாச்சுறா என்றும் அழைக்கும் மீன், உண்மையில் சுறா அன்று. திருக்கை இனத்தைச் சார்ந்தது. சுறாவை ஒத்த நீண்ட உடலையும் வாலையும் கண்டு பலர் மயங்குவதுண்டு. சுறாவுக்குச் செவுள் துளைகள் பக்கவாட்டில் அமைந்திருக்க, வேளாவுக்கு அவை திருக்கைக்கு இருப்பது போலவே அடிப்புறத்தில் உள்ளன. உலகிலுள்ள வேளா இனங்கள் ஐந்து. அவற்றுள் பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ், பிரிஸ்டிஸ் ஜிஜ்ஸ்ரான், அனாக்ஸிப்ரிஸ்டிஸ் கஸ்பிடேட்டா ஆகிய மூன்றும் இந்தியக் கடற்பகுதிகளில் பதிவு செய்யப்பட்டவை.

இம்மீனின் தனிச்சிறப்பு, வாள் போல நீண்ட அதன் மூக்குப் பகுதியாகும். மீனவர் இதனை வேளாக்கொம்பு என்பர். அதன் இரு விளிம்புகளிலும் உள்ள பற்கள் உண்மையான பற்கள் அல்ல, உருமாறிய செதில்களே. பிற உயிர்கள் வெளியிடும் நுண்ணிய மின்புலத்தை உணரும் உறுப்புகள் கொம்பில் செறிந்துள்ளன. எனவே கலங்கிய முகத்துவார நீரிலும் இம்மீன் இரையைக் கண்டறிந்து, கொம்பைப் பக்கவாட்டில் வீசித் தாக்கும். கோயில்களிலும் வீடுகளிலும் கொம்பு வைக்கப்படுவதும் உண்டு. சுறவின் கோட்டை நட்டு நெய்தல் மக்கள் வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அது வேளாக்கொம்பே எனக் கருதுவோரும் உளர்.

பொருளாதார நோக்கில் இங்குக் கருதற்பாலது இனப்பெருக்க வேகமாகும். பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ் முதிர்ச்சியடைய எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகின்றன. இது முட்டையிடுவதில்லை. சுமார் ஐந்து மாதச் சூலுக்குப் பின் ஒன்று முதல் பதின்மூன்று குட்டிகளை ஈனுகிறது. தாய்க்குக் காயம் ஏற்படாதவாறு பிறக்கும் குட்டியின் கொம்பை ஓர் உறை மூடியிருக்கும். குட்டிகள் முகத்துவாரங்களிலும் ஆறுகளிலும் சில ஆண்டுகள் வளர்ந்த பின்னரே கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே ஆற்றுக்குக் குறுக்கே எழும் தடுப்பணையும் இவ்வினத்தைப் பாதிக்கும்.

மத்தியை ஆண்டுதோறும் அறுவடை செய்வது போல இத்தகைய மீனை அறுவடை செய்ய இயலாது. நிகராகுவா ஏரியில் 1970களில் வணிக நோக்கில் பெருமளவு பிடிக்கப்பட்டதால், ஏறத்தாழ பத்தே ஆண்டுகளில் அங்கு இவ்வினம் சரிந்தது. வட்டியை விட்டு முதலையே செலவழித்ததன் விளைவு அது.

நம் நாட்டில் இதனைக் குறிவைத்துப் பிடித்தோர் சிலரே எனலாம். ஆயினும் விசைப்படகுகளும் இழுவலைகளும் பெருகிய பின்னர் நிலைமை மாறியது. எந்த வலையாயினும் அதில் கொம்பு சிக்கிவிடும். சிக்கிய மீன் தானாக விடுபடுவது அரிது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் வேளா இனங்கள் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டு, மீனவர் எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டது. பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் 2007இல் ஒன்று தவிர ஏனைய இனங்களும், 2013இல் எஞ்சியதும் இடம்பெற்றன. முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

தண்டனை கடுமையாக இருப்பதில் தவறில்லை; ஆனால் அது வலையில் தற்செயலாகச் சிக்குவதைத் தடுப்பதில்லை. வேளா சிக்கிய மீனவர் முன் இரு வழிகளே உள்ளன. விலையுயர்ந்த வலையை அறுத்து மீனை விடுவிக்கலாம்; அல்லது மீனைக் கொன்று, கொம்பை வெட்டி எறிந்து, இறைச்சியை அடையாளம் தெரியாமல் விற்றுவிடலாம். முதல் வழியில் நட்டம் உறுதி. இரண்டாவதில் பிடிபடும் வாய்ப்புக் குறைவு. மறைத்து விற்கப்படும் மீன் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அஞ்சி ஒளிக்கப்படும் ஒவ்வொரு மீனும் ஆராய்ச்சியாளருக்கும் இழப்பேயாகும்.

குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாவுக்காக மேற்கொள்ளப்பட்ட முறை இங்குப் பயன்படக்கூடும். அங்கு வலையை அறுத்து அதனை விடுவிக்கும் மீனவருக்கு மாநில வனத்துறை வலைக்கான இழப்பீடு வழங்குகிறது. இதையே வேளாவுக்கு விரிவாக்கினால் அரசுக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. ஏனெனில் இம்மீன் சிக்குவதே இன்று அரிது. நிர்வாகத்தில் ஒரு சிக்கல் உண்டு. வனவிலங்குச் சட்டம் வனத்துறையின் பொறுப்பு. படகும் வலையும் மீன்வளத்துறையின் பொறுப்பு. இறங்குதளத்தில் நிற்பவர் மீன்வளத்துறை ஊழியர். இழப்பீட்டுக் கோப்பு நகர்வதோ வனத்துறையில். விடுவித்தமைக்குச் சான்றாக மீனவர் எடுத்த நிழற்படத்தை ஏற்கும் அதிகாரத்தை இறங்குதள அலுவலருக்கே அளிப்பது முதற்படியாக அமையும்.