திதியும் நம் ஊர்ச் சூரியனும்



வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களினின்றும் கோவைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்முள் பல. ஆர்.எஸ்.புரத்தில் நாம் கூடும்போது சில வேளைகளில் ஒரு வினா எழுவதுண்டு. “சென்னையிலுள்ள மகள் இன்று அஷ்டமி நோன்பு இருக்கிறாள், நாம் நேற்றே முடித்துவிட்டோமே, எது சரி?” என்பதே அது. இரண்டும் சரியாகலாம். அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளை உடையது பஞ்சாங்கம். இவற்றுள் நோன்புக்கு முதன்மையானது திதி. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. 360 பாகைக்கு 30 திதிகள். சந்திரனின் வேகம் கூடியும் குறைந்தும் வருவதால், ஒரு திதி ஏறத்தாழ 20 மணி முதல் 27 மணி வரை நீளும். அது நள்ளிரவில் தொடங்கலாம், நண்பகலில் முடியலாம்.

ஆகவே, நாளின் திதியை அறியச் சூரிய உதயத்தை அளவுகோலாகக் கொள்வர். உதயத்திற்குப்பின் ஆறு நாழிகையேனும் திதி நிற்றல் வேண்டும் என்பது திகம்பர மரபின் நோன்பு நெறி. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆறு நாழிகை 2 மணி 24 நிமிடம். அதனிற் குறைந்தால் முந்திய நாளே நோன்பு நாளாகும்.

கோவை, சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 3.3 பாகை தொலைவில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக, இங்கு உதயம் ஏறக்குறைய 13 நிமிடம் பிந்தும். பருவத்திற்கேற்பச் சில நிமிடம் மாறும். சென்னையில் உதயம் 6.00 மணி, அஷ்டமி முடிவு 8.30 மணி எனக் கொள்வோம். அங்கு எஞ்சும் காலம் 2 மணி 30 நிமிடம், நெறிக்குப் போதும். இங்கு உதயம் 6.13, எஞ்சுவது 2 மணி 17 நிமிடமே, போதாது. ஆகவே நமக்கு முந்திய நாளே நோன்பு.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் கணிக்கும் முறையால் வேறுபட்டவை. திதி முடியும் நேரம் அவற்றிடையே சில நாட்களில் மணிக்கணக்கிலும் மாறும். ஆண்டு முழுவதும் ஒன்றையே பின்பற்றுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

இராகுகாலத்தைக் கண்டு அஞ்சுவோர் நம்மவருள்ளும் உளர். நன்மையும் தீமையும் நாம் செய்த வினையின் பயன்; நாழிகை தருவது அன்று. எனினும் திதியைப் போற்றுகிறோம். உணவையும் சினத்தையும் வீட்டார் அனைவரும் ஒருசேர அடக்கப் பழகும் நாட்களை அது நமக்குக் குறித்துத் தருகிறது. நோன்பு எந்நாள் என்று சினந்து வாதிடுவோர், அந்நோன்பின் பயனையே இழப்பர்.

பயிற்சி: பெற்றோர், வரும் சதுர்த்தசியன்று நம் ஊர் உதய நேரத்தையும் திதி முடியும் நேரத்தையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்து, நாழிகையைக் கணக்கிடச் சொல்லுக.

அறம் வளர்க!