ரிசல்ட் வரும் வரை: பள்ளிக்கூடத்துக்கு வெளியே மூன்று பாடங்கள்



சாதாரண தரப் பரீட்சை முடிந்த மறுநாள் லயத்து இஸ்தோப்பில் என்ன பேச்சு நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

"சோதனைதான் முடிஞ்சிருச்சே. ரிசல்ட் வர மூணு நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் வீட்டுல குந்திக்கிட்டு என்ன செய்யப் போறான்? கொழும்புக் கடைக்கு ஆள் கேட்டாங்க. அனுப்பிவிட்டா நாலு காசாவது மிஞ்சும்."

"சரி, ரிசல்ட் வந்ததும் திரும்பி வந்து படிக்கட்டும்."

இப்படிச் சொல்லித்தான் அனுப்புகிறோம். போன பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்து புத்தகத்தைத் தொட்டார்கள்? கையில் காசு புழங்கிய பிறகு மறுபடி வகுப்பில் உட்கார மனசு வராது. மூன்று மாதம் என்று போனது முப்பது வருடமாகிவிடும். முப்பது வருடத்துக்குப் பிறகும் கையில் ஒரு சான்றிதழ் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டு முதல் இலங்கையில் 16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. "வயசு பதினெட்டுன்னு சொல்லிக்கலாம்" என்று தரகர் சொன்னால், அந்தப் பேச்சோடு அவரை அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் அந்த மூன்று நான்கு மாதமும் பிள்ளை சும்மா இருப்பதா? இல்லை. அது படிப்புக் காலம்தான். ஆனால் வகுப்பறை இல்லை, மணி அடிப்பதில்லை, வாத்தியார் பக்கத்தில் இல்லை. தோட்டத்தை விட்டுப் போகாமலே, பெரிய செலவு இல்லாமலே படிக்கக்கூடிய மூன்று பாடங்களை இங்கே தருகிறோம். முதலில் ஒரு பழைய கதை.

புத்தகம் கட்டிய பையன்

இங்கிலாந்தில் 1791இல் ஓர் இரும்புக் கொல்லரின் வீட்டில் மைக்கேல் ஃபரடே பிறந்தார். வறுமையான வீடு. பள்ளிப் படிப்பு எழுத, வாசிக்க, கணக்குப் போட என்பதோடு சரி. 14 வயதில் லண்டனில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் ஏழு வருடப் பயிலுநராகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் வாசிக்கவும் செய்தார்.

1812இல் ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் படங்களோடு எழுதி, தானே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பிவைத்தார். 1813இல் டேவியின் ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831இல் அதே ஃபரடே, காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று கண்டுபிடித்தார். இன்று நமது லயத்தில் எரியும் பல்ப்புக்கு நீர்மின் நிலையத்திலிருந்து வரும் மின்சாரம் அந்த முறையில்தான் பிறக்கிறது.

ஃபரடேயை உயர்த்தியது சிபாரிசுக் கடிதம் அல்ல. அவர் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம். ஆகவே நமது மூன்று பாடங்களுக்கும் வேண்டியது ஒரு சி.ஆர். கொப்பியும் பேனாவும்தான். ஒவ்வொரு நாளும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: திகதி, இன்று நான் பார்த்தது, யாரிடம் என்ன கேட்டேன், எனக்கு இன்னும் விளங்காதது. நாலாவது விஷயத்தை எழுத வெட்கப்படாதீர்கள். மறுநாள் பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பாடம் 1: மழையை அளப்பது

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டையும் பார்த்தோம். மழையை அளக்கத் தெரிந்த ஒரு பிள்ளை லயத்தில் இருப்பது, லயத்துக்கே ஒரு காவல்.

பக்கம் நேராக உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை எடுங்கள். கழுத்துச் சரிவு தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியின் மூடியைக் கழற்றி, அதைத் தலைகீழாகப் புனல் போல உள்ளே வையுங்கள். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். அதனால் சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே அடிமட்டத்தைப் பார்த்து மில்லிமீற்றர் கோடுகளை வரையுங்கள். கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, திறந்த இடத்தில், சாயாமல் நட்டு வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரை மறுபடி பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வானிலை நிலையங்களும் அந்த நேரத்தில்தான் மழையை அளக்கின்றன.

இப்போது கணக்கு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 50 சதுர மீற்றர் கூரையில் 75 மில்லிமீற்றர் பெய்தால் 3,750 லீற்றர். அவ்வளவும் லயத்துக்குப் பின்னால் உள்ள மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கான் வெட்டிச் சுத்தமாக வைப்பது ஏன் முக்கியம் என்பது அப்போது விளங்கும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்துக்கு மழை அளவுகளை வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். அடைமழை நாளில் காலை வரை காத்திருக்காமல் அடிக்கடி பாருங்கள்.

உங்கள் போத்தல் அரசாங்கத்தின் கருவி அல்ல. அதிகாரிகள் எச்சரித்தால் போத்தலில் தண்ணீர் குறைவாக இருந்தாலும் போய்விட வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவையே பார்க்க வேண்டாம். எல்லோரையும் எழுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பாடம் 2: ஸ்டோருக்குள் இருக்கும் விஞ்ஞானம்

அம்மா பறித்துக் கொடுக்கும் கொழுந்து ஸ்டோருக்குள் போய் என்ன ஆகிறது? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேட்டால் பலருக்குத் தெரியாது. துரையிடமும் டீமேக்கர் ஐயாவிடமும் அனுமதி கேளுங்கள். நாலைந்து பிள்ளைகளாக, பாடசாலை ஆசிரியர் ஒருவரோடு போய்க் கேட்டால் நல்லது. பார்க்க மட்டும்தான் போகிறோம். மெசினில் கை வைக்கவே கூடாது. தலைமுடியை இறுகக் கட்டிக்கொண்டு, தொங்கும் உடுப்பு இல்லாமல் போக வேண்டும்.

நூறு கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் ஏறக்குறைய 21, 22 கிலோ தூள்தான் வெளியே வரும். மற்ற எடை எங்கே போனது? பெரும்பகுதி தண்ணீர். வாட்டும் தட்டில் காற்று வீசி ஒரு பகுதியும், சூட்டு அடுப்பில் மிச்சமும் போகிறது. கடைசியில் தூளில் நிற்பது 3 சதவீதம் அளவு ஈரம்தான். இடையில் ரோலரில் இலை நசுங்கி, பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகிறது. அதைப் புளிக்கவைப்பது என்று சொன்னாலும், தோசை மாவு புளிப்பது போல அல்ல. இலைச்சாறு காற்றோடு சேர்ந்து நடக்கும் ஒட்சியேற்றம் அது. விஞ்ஞானப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த சொல், ஸ்டோரில் மணமாக வரும்.

இன்னொரு கேள்வி: ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு ஏன் தனி விலை? அந்த மாதங்களில் மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து, தனி வாசம் பிடிக்கிறது. அதைத் தேடித்தான் வெளிநாட்டில் வாங்குகிறார்கள். தேயிலையைப் படித்தே பட்டம் வாங்கலாம். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. கொழுந்து எடுப்பவரின் பிள்ளை அங்கே போய்ப் படிக்கக் கூடாதா?

பாடம் 3: வேலை செய்பவர் பக்கத்தில் ஒரு வாரம்

டிஸ்பென்சரி, பிள்ளை மடுவம், தோட்டத்து ஒப்பீஸ், டவுனில் உள்ள மோட்டார் கராஜ், தையல் கடை. இதில் உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தில், அனுமதியோடு, ஒரு வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். அம்மா அல்லது அப்பா முதல் நாள் கூடப் போய்ப் பேச வேண்டும். பெண் பிள்ளைகளைத் தெரியாத இடத்துக்குத் தனியே அனுப்ப வேண்டாம்.

கேட்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம்:

"ஐயா, நான் ஓ.எல். எழுதிட்டு இருக்கேன். சம்பளம் வேணாம். ஒரு கிழமைக்கு காலையில வந்து நீங்க செய்யிற வேலையைப் பார்த்து எழுதிக்கலாமா?"

இப்படிக் கேட்டால் மறுப்பவர் குறைவு. டவுனில் சிங்களத்தில் கேட்க வேண்டி வரலாம். பிழையானாலும் பேசுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அதுவும் ஒரு பாடம்தான். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கொப்பியில் எழுதினால், மூன்று மாதத்தில் தொள்ளாயிரம் சொல்.

ஒரு வாரம் பார்த்த பிறகு "இந்த வேலை எனக்குச் சரிவராது" என்று தெரிந்தாலும் நட்டமில்லை. ஒரு வருடம் வீணாகாமல் ஒரு வாரத்திலேயே தெரிந்துகொண்டீர்கள்.

அதற்குப் பிறகு எங்கே போவது?

ரிசல்ட் நன்றாக வந்தால் உயர்தரம் படியுங்கள். வீட்டில் போன் இருந்தால், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இலவசமாக உண்டு. ஒருவர் இறக்கி ஐந்து பேர் பார்த்தால் டேட்டாவும் மிச்சம்.

ரிசல்ட் சரியில்லையா? கதவு சாத்தப்படவில்லை. 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. அதன் தொழிற்பிரிவில் சேர ஓ.எல். சித்தி தேவையில்லை. பக்கத்தில் எங்கே நடக்கிறது, தமிழ் மொழியில் உண்டா என்று பதுளை, பண்டாரவளை, பசறை, வெலிமடை வலயக் கல்விப் பணிமனைகளில் கேளுங்கள்.

வேலை பழக விரும்புவோருக்கு நைட்டா இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை என்பது அதன் முழுப்பெயர். மோட்டார் மெக்கானிக், மின்னிணைப்பு, ஹோட்டல் சமையல் போன்ற தொழில்களை உண்மையான வேலைத்தளத்திலேயே பழக்குவார்கள். முடிவில் பரீட்சை வைத்து என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தருவார்கள். அதில் ஏழு படிகள் உண்டு. ஏழாவது படி பட்டத்துக்குச் சமம். சான்றிதழ் இல்லாமல் வருடக்கணக்காக வேலை செய்யும் அண்ணன்மாருக்கும் வழி உண்டு. தெரிந்த வேலையைச் செய்துகாட்டி அதே சான்றிதழைப் பெறலாம். தொழிற் பயிற்சி அதிகாரசபையையும் பதுளை தொழில்நுட்பக் கல்லூரியையும் விசாரித்துப் பாருங்கள்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். 15 வயது நிறைந்ததும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்தால் இந்த மூன்று மாதத்திலேயே திருத்த ஓடுங்கள். நேர்முகத்துக்கு முதல் நாள் ஓடிப் பயனில்லை. போகும்போது அந்த சி.ஆர். கொப்பியையும் எடுத்துப் போங்கள். "இவ்வளவு நாளும் என்ன செய்தாய்?" என்று கேட்டால் அதைத் திறந்து காட்டுங்கள்.

பெற்றோர்களே, கொழும்பிலிருந்து வரும் காசை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். பெரட்டுக்குப் போய் வந்து கணக்குப் பார்க்கும்போது அந்தக் காசு பெரிதாகத்தான் தெரியும். ஆனாலும் ஒரு மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வேலையிலிருந்து வந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இன்னைக்கு என்னடா எழுதின, வாசிச்சுக் காட்டு." எழுத்துத் தெரியாத அம்மாவும் இதைக் கேட்கலாம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் லயத்தில் ஒரு மழைமானி செய்து 30 நாள் அளவு எழுதுங்கள். அதிக மழை பெய்த நாள் எது?
2. உங்கள் வீட்டில் ஒரு நாள் பறித்த கொழுந்து எத்தனை கிலோ? அதிலிருந்து எத்தனை கிலோ தூள் வரும்?
3. தோட்டத்தில் அல்லது டவுனில் நீங்கள் ஒரு வாரம் பார்க்க விரும்பும் வேலை எது? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
4. உங்கள் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் சரியாக இருக்கிறதா?