இரைப்பை ஆபரேஷனுக்குப் பின் குடல் சிக்காமலிருக்க: எந்த இணைப்பு, எந்தத் தையல்?

இரைப்பைப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி முறையில் ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, சாப்பாடும் ஓரளவு பழகிய பிறகு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒரு நாள் மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி வரலாம். சிறுகுடலின் ஒரு பகுதி வயிற்றுக்குள்ளேயே ஓர் இடைவெளிக்குள் நுழைந்து முறுக்கிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். உள் குடலிறக்கம், அதாவது இன்டர்னல் ஹெர்னியா, இதுதான். எல்லோருக்கும் வருவதில்லை. வந்துவிட்டால், ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே இதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட வேண்டும் என்கிறேன்.

சிறுகுடலின் பெரும்பகுதி ஒரு திரைச்சீலை போன்ற சவ்வில் தொங்குகிறது. ரத்தக் குழாய்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. இரைப்பையை வெட்டியெடுத்த பின் குடலை மேலே இழுத்து இணைக்கும்போது அந்தச் சவ்வுக்கும் பெருங்குடலைத் தாங்கும் சவ்வுக்கும் நடுவே ஒரு வழி திறந்துகொள்கிறது. ஜெர்மன் அறுவை நிபுணர் வால்தர் பீட்டர்சன் 1900இல் இதை விவரித்ததால் பீட்டர்சன் இடைவெளி என்ற பெயர் நிலைத்தது. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் உள்ளே திசுக்கள் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டிக்கொள்ளும். அதனால் குடல் அவ்வளவு நகராது. லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுதல் குறைவு. நோயாளிக்கு நன்மை செய்யும் அதே காரணம் குடலுக்குத் தாராளமாக அலையும் இடத்தையும் கொடுத்துவிடுகிறது. புற்றுநோய்க்காகக் குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தையும் பெரும்பாலும் நீக்குகிறார்கள். பிறகு உடல் மெலிய, சவ்வுகளில் உள்ள கொழுப்பும் கரைந்து, சிறிய இடைவெளிகூட அகலமாகிறது.

இந்த ஆபத்தைக் குறைக்கும் தேர்வுகளில் முதலாவது, வெட்டிய பின் மிச்சமிருப்பதை எதோடு இணைப்பது என்பது. கட்டி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்து, போதுமான அளவு இரைப்பை மிஞ்சினால், அதை நேராக முன்சிறுகுடலோடு சேர்க்கலாம். இதற்கு பில்ரோத் 1 என்று பெயர். சிறுகுடலை மேலே இழுக்க வேண்டியதில்லை என்பதால் பீட்டர்சன் இடைவெளியே உண்டாவதில்லை. ஜப்பானின் செய்கோ கிதானோ 1991இல் லேப்ராஸ்கோப்பி உதவியோடு முதன்முதலில் செய்த இரைப்பைப் புற்று ஆபரேஷனும் இந்த இணைப்போடுதான் முடிந்தது. பில்ரோத் 2இல் சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து இரைப்பையோடு தைப்பார்கள். வேலை எளிது, ஆனால் பீட்டர்சன் இடைவெளி உண்டு, பித்தநீர் இரைப்பைக்குள் ஏறும் தொல்லையும் உண்டு. சிறுகுடலை வெட்டி, ஒரு முனையை மேலே கொண்டுவந்து, மறுமுனையைக் கீழே குடலோடு சேர்ப்பது ரூ-என்-ஒய் முறை. இது பித்தநீரைத் தள்ளியே வைக்கிறது. அதற்கு ஈடாக, பீட்டர்சன் இடைவெளியோடு, குடலையும் குடலையும் சேர்க்கும் கீழ் இணைப்பருகே இன்னொரு இடைவெளியும் வருகிறது. முழு இரைப்பையையும் எடுக்க வேண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த முறைதான்.

ஹெர்னியாவை மட்டும் நினைத்து பில்ரோத் 1 வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது. கட்டியைச் சுற்றி எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும் என்பதே முதல் கணக்கு. இணைப்பு இழுவிசை இல்லாமல் சேர்வது அடுத்த கணக்கு. ஹெர்னியா அதன் பிறகுதான்.

அடுத்த தேர்வு, குடல் வரும் வழி. மேலே வரும் குடலைப் பெருங்குடலுக்கு முன்னால் கொண்டுவரலாம், அல்லது பெருங்குடல் சவ்வில் துளையிட்டுப் பின்னால் கொண்டுவரலாம். பின்வழியில் அந்தத் துளை இன்னொரு ஆபத்தான இடமாகிவிடும் என்பதால் முன்வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது: "அந்த இடைவெளிகளைத் தைத்து மூடுவீர்களா?" இடைவெளியின் வாய் அகலமாக இருந்தால் குடல் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும், நெரிபடாது என்று சொல்லி மூடாமல் விடும் வழக்கம் இருந்தது. ஸ்வீடனில் உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட 2,507 பேரிடம் நடந்து, 2016இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. குடலடைப்புக்காக மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது மூடாதவர்களில் சுமார் 10 சதவீதம், மூடியவர்களில் சுமார் 5.5. ஆனால் முதல் மாதத்துக்குள் வந்த கடுமையான சிக்கல்கள் மூடியவர்களிடம் கொஞ்சம் கூடுதல்: 2.8க்கு எதிராக 4.3 சதவீதம். கீழ் இணைப்பருகே தைத்தபோது குடல் மடங்கிக்கொண்டதே முக்கியக் காரணம். அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர்; எண்களை அப்படியே நம் நோயாளிக்குப் பொருத்த முடியாது. இருந்தாலும் இடைவெளிகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மூடுவதே நல்லது, கைபழகியவர் மூட வேண்டும் என்பது என் முடிவு.

நூலிலும் வித்தியாசம் உண்டு. மெலியும் உடலில் சவ்வு ஒட்டிப்போகும் என்று நம்பிக் கரையும் நூலை விடுவதைவிட, கரையாத நூலால் நெருக்கமாகத் தைப்பது மேல். சிறு முட்கள் கொண்ட முள் நூலுக்கு முடிச்சு வேண்டாம், வேகமாக முடியும். ஆனால் அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குடலைப் பிடித்து அதுவே அடைப்பை உண்டாக்கலாம், குட்டையாக வெட்டிவிட வேண்டும். ஊசி ஆழமாக இறங்கினால் ரத்தக் குழாய் கிழிந்து சவ்வில் ரத்தம் கட்டும். நூலுக்குப் பதில் கிளிப் போடுவதும் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் அது அறுவை நிபுணரின் கைக்குப் பழகியதா என்று கேளுங்கள்.

மூடியிருந்தாலும் ஆபத்து அடியோடு போய்விடாது, தையல் பிரியலாம். எந்த இணைப்பு, எந்தெந்த இடைவெளி மூடப்பட்டது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கி, நகலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். மேல்வயிற்றில் அல்லது முதுகுவரை பரவும் திடீர் வலி, குமட்டியும் வாந்தி வராத நிலை, சாப்பிட்டதும் வந்து வந்து போகும் வலி: இவற்றைப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்றோ கீமோவின் விளைவு என்றோ நீங்களே முடிவுகட்டாதீர்கள். தொடக்கத்தில் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் இயல்பாகவே இருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவின் டியூட்டி டாக்டரிடம் சம்மரியைக் காட்டி, "இன்டர்னல் ஹெர்னியாவாக இருக்குமா, சிடி ஸ்கேன் எடுக்கலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். சவ்வின் ரத்தக் குழாய்கள் சுழன்று கிடப்பது பல சமயம் ஸ்கேனில் தெரியும். ஸ்கேன் தெளிவாக இல்லாமல் வலி மட்டும் தொடர்ந்தால், லேப்ராஸ்கோப்பியால் உள்ளே பார்த்துவிடச் சொல்லுங்கள்.