மிதக்கும் தீவுக்கு மார்க் போடும் வேலை

பெங்களூரு வைட்ஃபீல்டுக்கு வருகிற எல்லோரும் கோடு எழுத வருவதில்லை. வேதியியலோ தாவரவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படித்துவிட்டு, கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்து ஏரியைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பெள்ளந்தூர் ஏரி தீப்பிடித்ததும் வர்த்தூர் ஏரி நுரை சாலைக்குப் பறந்ததும் நாடறிந்த செய்தி. வர்த்தூரிலிருந்து வழியும் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. இங்கே அளக்கும் தண்ணீர் நம் ஊருக்கு வருகிற தண்ணீர்தான்.

இத்தகைய ஏரிகளுக்குச் சொல்லப்படும் வைத்தியங்களில் ஒன்று மிதக்கும் ஈரநிலம். குழாயாலோ மூங்கிலாலோ மிதவை கட்டி, வெட்டிவேர், கல்வாழை, சம்பு போன்றவற்றை நட்டு நீரில் விடுவார்கள். தொங்கும் வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவை உடைக்கும். மிதவையை இறக்கும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆறு மாதம் கழித்துத் தண்ணீர் தேறியதா என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

முதலில் கணக்குப் போடுங்கள். 2018-ல் ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் விட்ட பேர்பெற்ற தீவு சுமார் 3,000 சதுர அடி. வர்த்தூர் ஏரியோ 440 ஏக்கருக்கு மேல். அதே தீவு இங்கே ஆறாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால், ஏரிக்குள் வரும் சாக்கடையின் அளவைக் கேட்காமல் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது நேரம். பாசி மண்டிய ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்குக் கரைந்த ஆக்சிஜனை அளந்தால் நோயாளி ஓடியாடுவது போலத் தெரியும். விடியலுக்கு முன் அளந்தால் குட்டு வெளிப்படும். முடிந்தால் இரண்டு வேளையும் எடுங்கள். ஒரு வேளைதான் என்றால் ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே இடம், அதே ஆழம். தீவுக்கு அருகே ஓரிடம், தீவே இல்லாத ஓரிடம், தண்ணீர் நுழையும் வாய் என மூன்றும் வேண்டும். ஒப்பிட இடமில்லாத எண்ணால் எதையும் நிரூபிக்க முடியாது. பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) மாதிரியைக் குமிழி நுழையாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள். அங்கே 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் முடிவு சொல்வார்கள்.

அறுத்தெடுத்த செடியையும் எடை போட்டு எழுதுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். செடி உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அறுத்துக் கரையேற்றினால்தான் ஏரியை விட்டுப் போகும். அழுகவிட்டால் திரும்பத் தண்ணீருக்கே.

கழிமுகத்தில் வேலை கிடைத்தால், அடையாறு முகத்துவாரம் போல, பாடம் வேறு. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும், இறங்கும்போது ஆற்றுநீர். ஏற்றமா வற்றமா என்று குறிக்காத அளவீடு வீண். கல்வாழை உப்பைத் தாங்காது; உவர்நிலச் செடிதான் நிற்கும்.

தனியாகப் படகேறாதீர்கள். மிதவை அங்கி, கையுறை கட்டாயம். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

நுழைவது எப்படி? ‘ஈரநிலக் கண்காணிப்பாளர்’ என்று விளம்பரம் வருமெனக் காத்திருக்க வேண்டாம். வைட்ஃபீல்டின் பெரிய அடுக்குமாடிகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அவற்றை நடத்தும் நிறுவனங்களும் நீர் பரிசோதிக்கும் ஆய்வகங்களும் நல்ல முதல் படி. நேர்காணலுக்குப் போகும்போது வெறும் சான்றிதழோடு போகாதீர்கள். கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏரிகளைச் சோதித்து ஏ முதல் இ வரை தரம் பிரித்து வெளியிடுகிறது. வர்த்தூரின் எண்களை எடுத்து, மழைக்காலத்தையும் கோடையையும் பிரித்து வரைபடமாக்கி, எந்த மாதத்து எண் சந்தேகத்துக்குரியது, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.